அத்தையின் வடைகறி பிரபலமாகிவிட்டது. இப்போது வீட்டில் நிம்மதி இல்லை. என்ன செய்யலாம்?

சைதைவாசி கேட்டது:

சைதாப்பேட்டையில் காரணீஸ்வரர் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு சந்தில் என் அத்தை காலைப் பலகாரக் கடை வைத்திருக்கிறார். கடை என்று சொன்னாலும் போர்டு கிடையாது. வீட்டுத் திண்ணை, இரண்டு பெஞ்சு, ஓர் இட்லிக் கொப்பரை, ஒரு தோசைக்கல், அவ்வளவுதான். இட்லியும் வடைகறியும் தினமும் உண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆப்பம். மாமா இறந்த பிறகு வயிற்றுப்பாட்டுக்காக ஆரம்பித்தது. எங்கள் பேட்டையில் வடைகறிக்குப் பஞ்சம் இல்லை என்பது ஊருக்கே தெரியும். இருந்தாலும் அத்தைக்கென்று ஒரு கூட்டம் இருந்தது. ஆட்டோ ஓட்டுபவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், விடுதிப் பையன்கள், கோர்ட்டுக்குப் போகும் வழியில் நின்று சாப்பிடும் இரண்டு குமாஸ்தாக்கள்.

அத்தையின் சுபாவத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். அவர் சிடுமூஞ்சி. இன்னொரு கரண்டி வடைகறி கேட்டால், "வீட்டிலும் இப்படித்தான் குடிப்பாயா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு கரண்டி ஊற்றுவார். கடன் சொல்கிறவனின் பரம்பரையையே இழுத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஒருநாள் அவர் திட்டாமல் இருந்தால், "என்ன ஆயா, உடம்பு சரியில்லையா?" என்று ஆட்டோக்காரர்கள் விசாரிப்பார்கள்.

சித்திரை வாக்கில், யூடியூபில் சாப்பாட்டுக் கடைகளைக் காட்டும் பையன் ஒருவன் கேமராவுடன் வந்தான். நல்ல பையன்தான், சாப்பிட்டதற்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் போனான். அன்று அத்தைக்கு என்ன தோன்றியதோ, "சாப்பிடு கண்ணா, இளைத்துவிட்டாயே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். பின்னணியில் புல்லாங்குழலைப் போட்டு, அந்த ஒரு வார்த்தையை மூன்று முறை திருப்பித் திருப்பி ஓட்டி, "சைதாப்பேட்டை அன்னபூரணி" என்று பட்டமும் சூட்டி வெளியிட்டுவிட்டான். அத்தை யாரையும் கண்ணா என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அவர் தூக்கி வளர்த்த என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிறகு அம்பத்தூரிலிருந்து வந்தார்கள், தாம்பரத்திலிருந்து வந்தார்கள், பெங்களூரிலிருந்து ராத்திரியே காரில் கிளம்பி வந்தார்கள். ஏழரை மணிக்குள் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. ஆட்டோக்காரர்கள் சில நாள் எட்டிப் பார்த்துவிட்டு வருவதை நிறுத்திவிட்டார்கள். வாசலில் பைக்கை நிறுத்துகிறார்கள் என்று எதிர்வீட்டில் சண்டை. வாடகையைக் கூட்ட வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு பெண்மணி அத்தையின் காலில் விழுந்தே விட்டார்.

போன மாதம் நடந்ததுதான் பெரிய சங்கடம். இலையில் இட்லி வைத்ததும் ஒருவன், "பாட்டி, எடுத்துவிட்டு மறுபடியும் வையுங்கள், சரியாகப் பதிவாகவில்லை" என்றான். அத்தை பழைய அத்தையாகிவிட்டார். "சாப்பிட வந்தாயா, சினிமா எடுக்க வந்தாயா? எழுந்து போ!" பக்கத்தில் இருந்த யாரோ அதைப் படம் பிடித்துவிட்டார். "அன்னபூரணியின் உண்மை முகம்" என்று மறுநாளே வந்துவிட்டது. தலைக்கனம் ஏறிவிட்டதாம், காசு வந்ததும் ஆள் மாறிவிட்டாராம். அவர் மாறவில்லை என்பதுதானே அங்கே குற்றம்!

அன்றிலிருந்து பேத்தியை உட்காரவைத்து, யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிக்கச் சொல்லிக் கேட்கிறார். ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை. விடிந்ததும் தலைக்குப் பூ, நல்ல புடவை, வருகிறவர்கள் எல்லோரும் கண்ணா. கடையை எடுத்துவைத்ததும் காலை முழுக்க அடக்கிவைத்த சிடுசிடுப்பு மொத்தமும் வீட்டில் இருப்பவர்கள் தலையில் விழுகிறது. "போதும் அத்தை, கொஞ்ச நாள் மூடிவைப்போம்" என்றேன். "உனக்கு ஏன் வயிறு எரிகிறது?" என்றார்.

அவருக்கு அது பிடித்திருக்கிறது, அதே சமயம் அவரை அது தின்றுகொண்டும் இருக்கிறது. இந்த மாதிரிச் சங்கடத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள். "சந்தோஷப்படுங்கள், எத்தனை பேருக்குக் கிடைக்கும்" என்று எழுத நினைப்பவர்களுக்கு: அதை எங்கள் உறவுக்காரர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

புரசை மெஸ்காரர்:

முதலில் காகித வேலையை முடியுங்கள் சார். உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறதா? மாநகராட்சியின் தொழில் உரிமம்? திண்ணைக் கடையாக இருந்தவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெயர் வந்துவிட்டால் எதிர்வீட்டுக்காரர் ஒரு மனு போட்டால் போதும்.

இரண்டாவது, டோக்கன். மாவு எவ்வளவோ அவ்வளவு டோக்கன். தீர்ந்தால் தீர்ந்ததுதான். கூட்டம் வருகிறது என்று மாவில் தண்ணீர் விடுவதோ, முதல் நாள் வடையை உதிர்த்துப் போடுவதோ வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, கேமராவை வாசலுக்கு வெளியே நிறுத்துங்கள். கொதிக்கும் கொப்பரைக்கும் தோசைக்கல்லுக்கும் நடுவில் ஒருவன் பின்பக்கமாக நடந்துகொண்டு படம் எடுப்பதை எங்கள் கடையிலும் பார்த்திருக்கிறேன். கை நழுவினால் பதில் சொல்லவேண்டியவர் கடைக்காரர்தான்.

மனசு விஷயம் எனக்குத் தெரியாது. அதற்கு வேறு யாராவது எழுதுவார்கள்.

வடபழனி ஓட்டுநர்:

தம்பி, நான் கோடம்பாக்கத்தில் சினிமா கம்பெனி கார் ஓட்டியவன். வாகினி ஸ்டூடியோவுக்குள் விடியற்காலையில் நடிகர்களைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். அந்த இடத்தில் இன்று மால் நிற்கிறது, என் பேரன் அங்கே ஐஸ்கிரீம் சாப்பிடுகிறான். புகழ் வந்தவர்களின் முகத்தை நான் நேராகப் பார்த்தது குறைவு, கண்ணாடியில் பார்த்ததுதான் அதிகம். ஸ்டூடியோ கேட்டுக்கு வெளியே ஒரு முகம், கேட் தாண்டியதும் ஒரு முகம்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிரிப்பு நடிகர். வீட்டில் வாயே திறக்காத மனிதர். காரில் ஏறினால் இறங்கும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார், வெற்றிலை மட்டும் போடுவார். ஆனால் சிக்னலில் வண்டி நின்றால் ஜனங்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர் ஏதாவது செய்தாக வேண்டும். கண்ணை உருட்டுவார், உதட்டைப் பிதுக்குவார். பச்சை விழுந்ததும் பழையபடி மௌனம். இதுகூடப் பரவாயில்லை. அவருடைய அம்மா இறந்துபோனார். கண்ணம்மாபேட்டை மயானத்துக்கு நானும் போனேன். கொள்ளி வைத்துவிட்டு மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். படத்தில் அழுவதும் அப்படித்தான், தோள் குலுங்கும், மூக்கு விடைக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டான். பிறகு நாலு பேர். கெட்டவர்கள் இல்லை தம்பி, அவர்களுக்கு அந்த முகத்தைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அதற்குத்தான் இத்தனை காலமும் டிக்கெட் வாங்கியிருந்தார்கள். அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். சட்டென்று ஒரு கும்பிடு போட்டார் பாருங்கள், அதுவும் படத்தில் வரும் கும்பிடுதான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

உன் அத்தை விஷயத்தில் எனக்குத் தோன்றுவது இதுதான். பணம், கூட்டம், வாடகை எல்லாம் பிறகு. ஊர் அவரிடமிருந்து முதலில் எடுத்துக்கொண்டது திட்டும் உரிமையை. ஒரு வார்த்தை 'கண்ணா' அவர் தலையில் கிரீடமாக உட்கார்ந்துவிட்டது. ஊருக்கு ஒருவரிடம் ஒரு குணம் பிடித்துப்போனால் அந்த ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்ளும், மற்றதை எல்லாம் வேஷம் என்று சொல்லிவிடும்.

என் அப்பா கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கியவர். நடிகரும் பாடகருமான தியாகராஜ பாகவதர் மீது பைத்தியம். 1944 தீபாவளிக்கு பிராட்வே தியேட்டரில் அவர் நடித்த ஹரிதாஸ் வெளியானது. அது மூன்று தீபாவளி கண்ட படம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஓட்டத்தில் பெரும்பகுதி பாகவதர் சிறையில் இருந்தார் என்பதைப் பலர் சேர்த்து யோசிப்பதில்லை. படம் வந்து சில வாரங்களிலேயே, பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் சிக்கினார். சிரிப்பு நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் கூடவே உள்ளே போனார். 1947இல்தான் இருவரும் விடுதலை ஆனார்கள். உள்ளே ஒரு மனிதன் கம்பி எண்ணிக்கொண்டிருக்க, பிராட்வேயில் அதே மனிதன் பாடப் பாட ஜனம் உருகிக்கொண்டிருந்தது. வெளியே வந்த பிறகு அவர் நடித்த படங்களுக்கு அந்தக் கூட்டம் வரவில்லை. 1959இல், ஐம்பது வயதைத் தொடாமலே போய்விட்டார். அப்பா கடைசிவரை சொல்லுவார்: "நாங்கள் கைவிட்டோம் என்கிறார்கள். நாங்கள் என்றைக்கு அவரைப் பிடித்துக்கொண்டிருந்தோம்? திரையில் இருந்தவரைத்தானே!" படிக்காதவர், ஆனால் கணக்குச் சரியாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது வேலையை விட்டுவிட்டு அத்தையின் கடைக்கு வந்துவிட்டார்களா? நான் சொன்ன நடிகர் வீட்டில் தம்பி கால்ஷீட் பார்த்தார், மைத்துனர் பணம் பார்த்தார், மாமனார் கதை கேட்டார். எல்லோருக்கும் சோறு அந்த ஒரு முகத்திலிருந்து. அதனால் "உடம்பு முடியவில்லை என்றால் இன்றைக்குப் போகாதே" என்று சொல்ல அந்த வீட்டில் ஓர் ஆள் இல்லை. அது மட்டும் நடக்காமல் பார்த்துக்கொள்.

மற்றபடி அத்தையைத் திட்டவிடு. பழையபடி முதல் இட்லியிலிருந்தே திட்டட்டும். பிடிக்காதவன் வரமாட்டான். கூட்டம் தானாக வடியும்.

அயனாவரம் கணக்கு டீச்சர்:

ஓட்டுநர் ஐயா எழுதியதைப் படித்துக் கண் கலங்கியது. ஆனாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சினிமாக்காரர்களின் சோகத்தைக் கொண்டுவந்து ஒரு திண்ணைக் கடை அம்மாவின் தலையில் வைக்கிறீர்கள்.

அந்த அம்மா எத்தனை வருடம் விடியுமுன் எழுந்து மாவு ஊற்றியிருப்பார்? வீட்டில் யாராவது ஒருநாள், "இன்றைக்கு வடைகறி பிரமாதம்" என்று சொல்லியிருப்பார்களா? (சைதைவாசி, நீங்கள் சொன்னதுண்டா?) முதல் முறையாக முன்பின் தெரியாதவர்கள் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நன்றாக இருக்கிறது" என்கிறார்கள். உடனே குடும்பம் கூடி, அம்மாவுக்கு நிம்மதி போய்விட்டது, நிறுத்திவிடுவோம் என்று பேசுகிறது. யாருக்கு நிம்மதி போய்விட்டது என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

'புகழ் வேண்டாம்' என்பது வசதியானவர்கள் சொல்ல முடிந்த சொல். அஜித் 2011இல் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 'தல' என்று அழைக்காதீர்கள் என்று அறிக்கையும் விட்டார். 2024இல் கமல் 'உலகநாயகன்' வேண்டாம் என்றார், அடுத்த ஆண்டு நயன்தாரா 'லேடி சூப்பர் ஸ்டார்' வேண்டாம் என்றார். நல்லதுதான், மதிக்கிறேன். ஆனால் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்ததால் அவர்கள் வீட்டில் அடுப்பு அணைந்துவிடாது. இந்த அம்மா நாளை 'அன்னபூரணி' வேண்டாம் என்றால் கூட்டிய வாடகையை யார் கொடுப்பது?

திட்டச் சொல்வதும் அவ்வளவு எளிதில்லை ஐயா. சிடுசிடுக்கும் ஆண் சமையல்காரரை, "கைப்பக்குவம் உள்ள மனிதர், கோபம் இருக்கத்தான் செய்யும்" என்பார்கள். அதே சிடுசிடுப்பு ஒரு பெண்ணிடம் இருந்தால் தலைக்கனம். இதை நான் ஆசிரியர் அறையிலேயே பார்க்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. சைதைவாசி இவ்வளவு விவரமாக எழுதியவர், அத்தையோடு வேலை செய்கிறவர்கள் யார் என்று எழுதவே இல்லை. ஒருவர் கையால் இவ்வளவு நடக்காது. நான் சேப்பாக்கத்துக்குப் போகிறவள். 2023இல் நம் ஊர்க் கூட்டம் என்ன செய்தது என்பது ஞாபகம் இருக்கிறதா? ஜடேஜா மட்டையோடு நிற்கிறார், நம் அணிக்காரர்தான். அவர் ஆட்டமிழந்தால் அடுத்து தோனி வருவார் என்று அரங்கமே காத்துக்கொண்டிருக்கிறது. ஜடேஜாவே அதைப் பேட்டியில் சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் அன்று மஞ்சள் சட்டையோடு விசில் அடித்தவள்தான், மறைக்கவில்லை. ஒருவரைக் கொண்டாடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன ஆகிறது என்று யாருக்கும் கேட்பதில்லை. உங்கள் கடையில் வடைகறி செய்வது யார்?

சைதைவாசி:

டீச்சர், நீங்கள் கேட்ட பிறகு ஒரு வாரமாக எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

வடைகறி செய்வது அத்தை இல்லை. செய்முறை அத்தையுடையது. கை, ஜாபர்கான்பேட்டையிலிருந்து வரும் ஓர் அக்காவுடையது. ராத்திரி கடலைப்பருப்பை ஊறப்போடுவது, விடியற்காலை சோம்பு தட்டிப்போட்டுக் கரகரப்பாக அரைப்பது, பொரித்து உதிர்ப்பது, மசாலா கொதிக்கும்போது எந்த நேரத்தில் உதிர்த்ததைப் போட்டால் கரையாமல் ஊறும் என்று பார்ப்பது எல்லாம் அவர்தான். அத்தை வெளியே இட்லியும் பரிமாறலும். அந்த முதல் வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஓரிடத்தில் ஒரு முழங்கையும் பச்சை வளையலும் தெரிகிறது. "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள்" என்று பையன் சொல்வதும் கேட்கிறது.

வேளச்சேரியில் புதிதாக மெஸ் திறக்கப்போகிறவர் ஒருவர் அந்த அக்காவிடம் பேசியிருக்கிறார். இப்போது வாங்குவதைவிட ஒன்றரை மடங்கு சம்பளம். அக்கா எங்களிடம் சொல்லவில்லை. பேத்திதான் கண்டுபிடித்தாள். அத்தைக்குத் தெரிந்ததும் வீட்டில் ஒரே மௌனம். திட்டுக்கூட இல்லை.

ஓட்டுநர் ஐயா கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், என் அத்தை மகன் கூரியர் வேலையை விட்டுவிட்டான். வாசலில் நின்று வருகிறவர்களை வரிசையில் நிற்கவைக்கிறான். 'அன்னபூரணி' என்று எழுதிய பனியன் ஒன்றும் தைத்துக்கொண்டான். நீங்கள் எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். மயானம் வந்த இடத்தில் எழுந்து போய்விட்டான்.

அத்தைக்கும் படித்துக் காட்டினேன். பாகவதர் கதை அவருக்குத் தெரிந்திருந்தது. டீச்சர் எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். "இந்தப் பெண்ணுக்குப் புரிகிறது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ என்றைக்காவது நன்றாக இருக்கிறது என்று சொன்னாயா?" என்றார். சொன்னதில்லை. எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை, தட்டைக் காலி செய்வதோடு சரி.

மறுநாள் அக்காவின் சம்பளத்தைக் கூட்டினார். வேளச்சேரிக்காரர் சொன்ன அளவுக்கு வராது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆப்ப வியாபாரத்தில் பாதி அக்காவுக்கு என்று பேசியிருக்கிறார். அக்கா யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். தங்குவாரா என்று தெரியவில்லை, போனாலும் தப்பில்லை. படம் எடுக்க வந்த ஒரு ஜோடியிடம் அத்தை, "கறி இவள் செய்தது, இவளை எடு" என்று அக்காவை இழுத்து நிறுத்தினார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். அவருக்கு வேண்டியது காசு. கேமரா இல்லை. அதைத் தெளிவாகவே சொன்னார்.

கண்ணா குறைந்திருக்கிறது. முற்றிலும் போகவில்லை. நேற்று ஒருவனை, "கண்ணா, இலையை எடுக்க உன் தாத்தா வருவாரா?" என்று கேட்டார்.

வடபழனி ஓட்டுநர்:

டீச்சரம்மா சொன்னது சரி. நான் முன் சீட்டிலிருந்து பின் சீட்டை மட்டுமே பார்த்தவன். மேக்கப் போட்டவர், துணி தைத்தவர் எல்லாம் வேறு வண்டியில் வந்தார்கள்.

தம்பி, அந்தப் பனியனை மட்டும் கழற்றச் சொல். கூரியர் வேலை மறுபடி கிடைக்குமா என்று பார்.

புரசை மெஸ்காரர்:

எல்லாம் படித்தேன். டோக்கன் போட்டீர்களா இல்லையா என்று யாரும் எழுதவில்லை.

சைதைவாசி:

போட்டுவிட்டோம் சார். அட்டையில் எழுதியதுதான், எண்ணெய் பட்டு நைந்துபோகிறது. முதல் இருபதை ஆட்டோ ஸ்டாண்டில் முந்தின நாளே கொடுத்துவிடச் சொல்லிவிட்டார் அத்தை. அதில் ஆறு பேர் திரும்ப வந்திருக்கிறார்கள். உரிமத்துக்கு விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. வாடகைப் பேச்சு இன்னும் முடியவில்லை. எண்ணெய்க்குத் தாங்கும் டோக்கன் எங்கே கிடைக்கும்?

புரசை மெஸ்காரர்:

பாரிமுனையில் பித்தளை வில்லை அடித்துத் தருவார்கள். எண் மட்டும் போடச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம்.